ஏழாவது ஃபைல்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் பிரஸ்ஸுக்குப் போகிறேன். பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்ஸ், ஃபாரம் ஒன்பதும் பத்தும். ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். பிழை முப்பத்தொன்று. இன்னும் நாலு நாள் வீட்டில் இருந்திருக்கலாமே என்றார் மேனேஜர். வீட்டில் இருந்து என்ன செய்ய என்று கேட்டேன். ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது சௌந்தரம் மதினி கேரியரோடு வாசலில் நின்றார். என் மனைவி அரசியின் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவர், அதனால் தணிந்து பேச வராது. முப்பதாம் நாள் படையல் முடிந்துவிட்டதால் இனி நான் கவுச்சி சாப்பிடலாம் என்று தெருவுக்கே அறிவித்துவிட்டுப் போனார். மீன் குழம்பு. சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

அரசியின் லேப்டாப்பைத் திறந்தேன். திறக்காமலே வைத்தால் பேட்டரி கெட்டுப்போகும் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். அதற்காகத்தான்.

யானெஸிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஸ்லோவேனியாக்காரர். கெர்னல் ஆவணங்களின் ஒரு பகுதிக்கு அவர்தான் காவல். அவர் பார்த்துச் சரி என்றால்தான் எதுவும் உள்ளே போகும். 'அன்புள்ள மங்கை' என்று தொடங்கியிருந்தார். மங்கையர்க்கரசியில் முன்பாதி அவர்களுக்கு, பின்பாதி எனக்கு.

இந்த வேலையை இங்கே ஒருமுறை எழுதி வைக்கிறேன். கெர்னல் என்பது கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் நிரல். சுவிட்ச் போட்டதும் அது எப்படி எழுந்து உட்காருகிறது என்ற குறிப்புகள் பதின்மூன்று ஃபைல்களில் இருக்கின்றன. இருபது வருடமாக ஆளாளுக்குத் தங்கள் மனம்போல் தட்டி வைத்தவை. எது தலைப்பு, எது அட்டவணை, எது படம் என்று மனிதன் பார்த்தால் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரியும்படி அங்கங்கே குறிகள் போட வேண்டும். போட்டுவிட்டால் எல்லாம் ஒழுங்கான வலைப்பக்கங்களாகிவிடும். மூலத்தில் ஒரு சொல்கூட மாறக்கூடாது. ஆபீஸ் வேலை போக, ஜனவரியிலிருந்து அரசி இதைச் செய்துகொண்டிருந்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. அது அப்படிக் கோணல்மாணலாகக் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கெர்னல் தெரியாது. புரூஃப் பார்க்கத் தெரியும். காலை ஆறிலிருந்து ஏழு வரை சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். பழைய ஃபைலை அவள் வாய்விட்டு வாசிப்பாள், புதியதை அச்செடுத்து நான் விரல் வைத்துப் பின்னாலேயே போவேன். பிரஸ்ஸில் இதற்குக் காப்பி வாசிப்பது என்று பெயர். காற்புள்ளி, அடைப்பு, காலி வரி, ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். பார்க்கிற ஆள் தாளிலிருந்து தலையைத் தூக்கக்கூடாது. தூக்கினால் வரி தவறிப்போகும்.

ஆறு ஃபைல்கள் முடித்து அனுப்பியிருந்தாள். ஒரு மாதமாகத் தகவல் இல்லையே என்று யானெஸ் கேட்டிருக்கிறார். மிச்சமும் ஜூலை 7க்குள் வந்துவிட்டால் இந்தச் சுற்றில் பதின்மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்வாராம். இல்லையென்றால், ஒரே நிரலை ஓட்டி எல்லாவற்றையும் ஒரு நாளில் மாற்றித் தருவதாக வேறொருவர் சொல்லியிருக்கிறார், அவரை விட்டுச் செய்யச் சொல்வாராம். அப்படியானால் அரசி முடித்த ஆறும் குப்பைக்குத்தான்.

விரைவில் அனுப்புகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் போட்டேன். கீழே மங்கை என்று எழுதினேன்.

ஜூன் 5, புதன்

ஃபாரம் பதினொன்று. பிழை பத்தொன்பது. மழை இல்லை.

ஜூன் 8, சனி

எட்டாவது ஃபைலை எடுத்தேன். எந்த இடத்தில் எந்தக் குறி என்று அவள் முடித்த ஆறைப் பார்த்துப் போடுகிறேன். ஏழாவது பாதியில் நிற்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தனியாகக் காப்பி வாசிப்பது பைத்தியக்காரத்தனம். பழையதில் ஒரு வரியை நானே சத்தமாக வாசித்து, அது காதில் இருக்கும்போதே புதியதில் தேட வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். யாரோடு பேசுகிறேன் என்று கவலை போலிருக்கிறது.

அனுப்பும் முறையை ஐந்து கட்டளைகளாக எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். அவள் மறந்துவிடுவாள் என்று ஒட்டியதல்ல. எனக்குக் காட்டித் தரும்போது ஒட்டியது. நான்காவது கட்டளை இருபது நிமிடம் ஓடுகிறது. எல்லாவற்றையும் வலைப்பக்கமாக்கிப் பார்க்கிறதாம். முப்பத்தொரு வருடம் புரூஃப் பார்த்த கண் இருக்கும்போது அது எதற்கு? அதை விட்டுவிட்டு ஐந்தாவதைத் தட்டினேன். போய்விட்டது.

அனுப்பும் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கையெழுத்து வரி உண்டு. இது என் வேலை, இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்று அனுப்புகிறவர் தன் முழுப் பெயரில் உறுதி சொல்லும் வரி. ஒருவருக்காக இன்னொருவர் போடக்கூடாது. பிரஸ்ஸிலும் அப்படித்தான். கடைசிப் புரூஃபில் 'அச்சிடலாம்' என்று எழுதி இனிஷியல் போட்டால் அந்த ஃபாரம் என் பொறுப்பு. இன்னொருவர் பார்த்த ஃபாரத்தில் நான் இதுவரை இனிஷியல் போட்டதில்லை.

அரசியின் பெயர் அதில் தானாகவே விழுந்தது. நான் எடுக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மதினி ஒரு பழுப்பு உறை கொண்டுவந்தார். மாநகராட்சியிலிருந்து சான்றிதழ், பத்துப் பிரதி. அரசியின் ஆபீஸுக்கு ஒன்று, பேங்குக்கு ஒன்று, போன் கம்பெனிக்கு ஒன்று என்று விரல்விட்டுச் சொன்னார். பிரித்துப் பாருங்கள், பெயரில் பிழை இருந்தால் இப்போதே திருத்திவிடலாம் என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு தாளில் பிழை பார்க்கத் தோன்றவில்லை. அடுத்த வாரம் கொடுக்கிறேன் என்று ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன்.

ஜூன் 13, வியாழன்

ஒன்பது போயிற்று. காலையில் ஒரு மணி நேரம், பிரஸ்ஸிலிருந்து வந்து ஒரு மணி நேரம். கை பழகிவிட்டது. குறி போடுவதோடு, அங்கங்கே வீணாகக் கிடக்கும் காலி வரிகளையும் இழுத்து மூடுகிறேன். நோட்ஸ் பிரஸ்ஸில் அது முதல் பாடம். காலி வரிகளை மூடினால் பதினேழாவது பக்கம் பதினாறுக்குள் அடங்கும், ஒரு ஃபாரம் மிச்சம். பார்க்கவும் கச்சிதமாக இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

யானெஸ், ஒன்பது கிடைத்தது, நன்றி மங்கை, வேகம் கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தார். இரண்டு தடவை வாசித்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

பத்து. மின்வெட்டு. ஃபாரம் பதினெட்டு, பிழை நாற்பத்து நான்கு. புதுப் பையன் கம்போஸ் செய்தது.

ஜூன் 22, சனி

மதினி புடவைகளை எடுத்துக் கட்ட வந்தார். எதிர்ப்பேன் என்று நினைத்திருப்பார் போல, சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். புடவை ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அலமாரியைக் காலி செய்தபிறகு மேசையில் இருந்த லேப்டாப்பைக் காட்டி, அதையும் தரச் சொன்னார். அவருடைய மருமகளுக்கு உதவுமாம். அதைத் தர முடியாது என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

மதினி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஃபிரிட்ஜின் மேல் பார்த்தார். உறை வைத்த இடத்திலேயே இருந்தது.

"நீங்க யார்ட்டயும் சொல்லலையா தம்பி?"

எல்லாருக்கும் தெரியும்தானே என்றேன். மதுரையில் எல்லாருக்கும் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

பதினொன்று.

ஜூன் 27, வியாழன்

பன்னிரண்டு. யானெஸ் கேட்கிறார்: எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வந்துவிட்டன, ஏழு எங்கே? கணினி எழும்போது நினைவகத்தில் எது எங்கே உட்காரும் என்று படம் போட்டிருக்கும் ஃபைல் அது. மற்ற எல்லாம் அதைச் சுட்டுகின்றன, அது இல்லாமல் இந்தத் தொகுப்பை எடுக்க முடியாது என்கிறார்.

ஏழைத் திறந்தேன். அதன் அச்சுத் தாள் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மூன்றாம் பக்கம், நடுவில், படத்துக்கு மேலே உள்ள காலி வரி வரை பென்சில் கோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மூடினேன்.

பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். மே 2 காலியாக இருக்கிறது. இருபத்தாறு வருட டைரியில் காலிப் பக்கம் அது ஒன்றுதான்.

ஜூன் 30, ஞாயிறு

பதின்மூன்று போயிற்று. ஏழு மட்டும் பாக்கி. வீட்டைக் கழுவினேன்.

ஜூலை 1, திங்கள்

யானெஸின் கடிதம். எட்டிலிருந்து பதின்மூன்று வரை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அட்டவணைகள் பத்திகளோடு ஒட்டிக்கொண்டு ஒரே சாம்பாராகிவிட்டன. காலி வரி இருந்தால்தான் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று இயந்திரத்துக்குத் தெரியுமாம். ஒன்றுவிடாமல் இழுத்து மூடியிருக்கிறேன்.

ஓட்டிப் பார்க்காமல் நீங்கள் எதையும் அனுப்பியதில்லை, எனக்கே அதைப் பழக்கியவர் நீங்கள்தான் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: மங்கை, நலமாக இருக்கிறீர்களா?

பிரஸ்ஸுக்குப் போனேன். ஃபாரம் இருபத்திரண்டு. எத்தனை பிழை என்று எண்ணவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

விடுப்பு எடுத்து நான்காவது கட்டளையை ஓட்டினேன். இருபது நிமிடம். அரசியின் ஆறு ஃபைல்களும் பளிச்சென்று வந்தன. தலைப்பு தலைப்பாக, படம் படமாக இருந்தது. அடுத்த ஆறும் கொட்டிக் கவிழ்த்த மாதிரி. ஒவ்வொன்றின் அடியிலும் அவள் பெயர்.

அவமானமாக இருந்தது. இரண்டு மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி இதுதான் என்பதால் வந்தவரைக்கும் சரி என்று உட்கார்ந்திருந்தேன். அவள் பார்க்காத ஃபாரத்தில் அவள் இனிஷியலைப் போட்டிருக்கிறேன். அதுவும் பிழையோடு.

மூடிய வரிகளைத் திறந்துகொண்டிருக்கிறேன். எட்டு, ஒன்பது முடிந்தது.

ஜூலை 3, புதன்

மற்ற நான்கும் முடிந்தது. இந்தத் தடவை ஓட்டிப் பார்த்தேன். சரியாக வருகிறது.

மத்தியானம் மதினி வந்தபோது சொல்லிவிட்டேன். அவள் பெயரில் கடிதம் எழுதுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த ஊர்க்காரர் என்ன எழுதியிருக்கிறார், வாசித்துக் காட்டுங்கள் என்றார். தமிழில் சொன்னேன். நலமாக இருக்கிறீர்களா என்ற இடம் வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஏழை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். இங்கே எழுதாததை அவரிடம் சொன்னதால் இப்போது இங்கும் எழுதுகிறேன்.

மே 2, காலை ஆறரை இருக்கும். மூன்றாம் பக்கம். 'காலி வரி' என்று சொன்னாள். என் விரல் காலி வரியில் இருந்தது. அடுத்தது படம், படத்தை வாசிப்பது சிரமம், ஒவ்வொரு கோடாகச் சொல்ல வேண்டும், அதனால் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். காத்திருந்தேன். தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் வரி தவறும். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பால்காரர் மணியடித்துவிட்டுப் போனார், அடுத்த தெருவிலும் அடித்தார், அது கேட்டது. பிறகுதான் நிமிர்ந்தேன்.

மதினி குரலைத் தணித்துச் சொன்னார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"மூளைல நரம்பு வெடிச்சா ஒரு நிமிஷமும் ஒண்ணுதான், பத்து நிமிஷமும் ஒண்ணுதான்னு டாக்டரு என்ட்ட சொன்னாரு தம்பி. உங்கட்டயும் சொன்னாரு. உங்க காதுல ஏறல."

இருக்கலாம். டாக்டருக்கு ஒன்றுதான். அரசி அந்த நேரத்தில் என்னைப் பார்த்தாளா என்பது எனக்குத் தெரியாது, இனியும் தெரியப்போவதில்லை. நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 4, வியாழன்

காலையில் யானெஸுக்கு எழுதினேன். ஐந்து வரி. நாலாவது வரியில் அந்தச் சொல்லைப் போட வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் நாலே எழுத்து. அதை அடிக்க ஒன்பதரை ஆகிவிட்டது. மே இரண்டாம் தேதி என்று சேர்த்தேன். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நான் அனுப்பியது, நான் அவர் கணவன், தொழில் புரூஃப் ரீடர், கெர்னல் பற்றி எதுவும் தெரியாது, மன்னிக்கவும். கீழே பூமிநாதன் என்று போட்டேன்.

அனுப்பினேன். அங்கே ஒரு இடத்தில் மட்டும் அவள் இன்னும் இருப்பதாக நினைத்து அவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதையும் நானே மூடிவிட்டேன்.

பிறகு பிரஸ்ஸுக்குப் போகும் வழியில் அவள் ஆபீஸில் ஒரு சான்றிதழைக் கொடுத்தேன். பெயரில் பிழை இல்லை.

ஜூலை 5, வெள்ளி

பதில் வந்தது. நீளமாக எழுதுகிற ஆள் இல்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன் என்கிறார். மங்கையின் முதல் ஆறு ஃபைல்கள் அப்படியே நிற்கும். எட்டு முதல் பதின்மூன்று வரை உங்கள் வேலை, உங்கள் பெயரில் மறுபடி அனுப்புங்கள். ஏழில் அவர் செய்தது எவ்வளவு இருந்தாலும் எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கட்டும், கையெழுத்து வரி மட்டும் உங்களுடையது. அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது, அவர் பெயரை யாரும் எடுக்கவும் முடியாது. தேதியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் ஞாயிறு முழுக்க அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜூலை 6, சனி

எட்டு முதல் பதின்மூன்று வரை என் பெயரில் மறுபடி அனுப்பினேன். ஏழைத் திறந்து குறிகளைப் போட்டு முடித்தேன். காலி வரிகளைத் தொடவில்லை. ஓட்டிப் பார்த்தேன், படம் ஒழுங்காக வருகிறது. அனுப்பலாம். ஆனால் காப்பி வாசிக்காமல் அனுப்ப மனம் வரவில்லை. தனியாக வாசிக்கவும் முடியவில்லை. மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவை எழுந்தேன்.

மதினிக்குப் போன் போட்டேன். எண்கள் நிறைய வரும், எழுத்தும் எண்ணும் கலந்து வரும், வாசிப்பீர்களா என்று கேட்டேன்.

"ட்ரங்க் கால்ல முப்பது வருஷம் என்னத்த வாசிச்சேன்னு நெனச்சீங்க?"

ஜூலை 7, ஞாயிறு

ஆறு மணிக்கே வந்துவிட்டார். குளித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொம்பில் தண்ணீரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரசியின் நாற்காலியில் அல்ல, அதற்குப் பக்கத்தில். எப்படிச் சொல்ல வேண்டும் என்று காட்டினேன். இரண்டு வரியில் பிடித்துக்கொண்டார். கணீரென்ற குரல். எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மதுரையிலிருந்து டெல்லிக்குக் கேட்கிற மாதிரி வாசித்தார். பொருள் எங்கள் இருவருக்குமே தெரியாது. ஒரு இடத்தில், எழுதினவனுக்காவது தெரியுமா என்று கேட்டார். பேசாமல் வாசியுங்கள் என்றேன்.

முதல் பக்கம் பிழையில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு அடைப்பு விட்டுப்போயிருந்தது, போட்டேன். மூன்றாம் பக்கம் வந்தது. என் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. எங்கே வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

"காலி வரி" என்றார் மதினி.

பிறகு சத்தம் இல்லை.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். சொம்பைக் கீழே வைத்தபிறகுதான் நான் பார்ப்பதைக் கவனித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

குனிந்தபோது வரி தவறியிருந்தது. மூன்றாம் பக்கத்தின் மேலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.

மத்தியானம் இரண்டரைக்கு ஏழை அனுப்பினேன். எழுதியவர் மங்கையர்க்கரசி. கையெழுத்து பூமிநாதன்.